நிரம்பாத தொட்டி

1

கனடாவுக்குள் திரும்பி நுழையும்போது ஒரு திரை நம்மிடம் கேள்வி கேட்கும். மது, துப்பாக்கி, இறைச்சி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். விரலும் ‘இல்லை, இல்லை’ என்று தானாகத் தட்டிக்கொண்டே போகும். இந்த முறை ஒரு கேள்வியில் விரல் நின்றுவிட்டது. வெளிநாட்டில் இருந்தபோது பண்ணை நிலத்துக்குப் போனீர்களா?

ஆம் என்று தட்டினேன். அதற்காக ஒரு இளம் அதிகாரியின் முன்னால் தனியே நிற்க வேண்டியதாயிற்று.

“எந்த மாதிரிப் பண்ணை?”

“என் தம்பியின் நிலம். மாமரம், தக்காளி, நாலு மாடு.”

அவர் எட்டி என் செருப்பைப் பார்த்தார். “மண் ஒட்டியிருக்கிறதா?”

“கழுவிவிட்டேன்.”

போகலாம் என்று கையைக் காட்டினார். எந்தத் தண்ணீரில் கழுவினேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனோ என்னவோ. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது பனி விழுந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தையெல்லாம் சுத்தமாகக் காட்டுகிற பனி. அடியில் என்ன இருக்கிறது என்று வசந்தம் வரை யாரும் கேட்க வேண்டாம்.

2

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. ‘அக்கா அங்க சுற்றுச்சூழல் ஆபீசரு’ என்று தம்பி சொல்லி வைத்திருக்கிறான். அவன் வாயை நான் மூடவுமில்லை.

இங்கே ஒரு பண்ணை கைமாறும் முன் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கச் சொல்வார்கள். எங்கள் சின்ன அலுவலகத்திலிருந்து பொறியாளர் கிரெக்கும் உதவிக்கு நானும் போவோம். மண்ணில் துளை போட்டு, வந்ததைப் பிசைந்து, முகர்ந்து, புட்டியில் அடைப்போம். டீசல் தொட்டி எங்கே இருந்தது, பழைய பூச்சிமருந்து டப்பாக்களை எங்கே புதைத்தீர்கள், கிணறு எங்கே, கழிவுத்தொட்டி எங்கே என்று கேட்போம். முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று, உங்கள் மலம் எங்கே போகிறது என்று மரியாதையான ஆங்கிலத்தில் கேட்பதுதான் என் பிழைப்பு. அந்த மரியாதை சீக்கிரம் பிடிபடவில்லை. முதல் வருஷம் நான் ‘லெட்ரின்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் நாகரிகமாகத் தோன்றிய சொல் அது. இங்கே பட்டாளக் கூடாரத்தில்தான் அந்தச் சொல் புழங்கும் என்று கிரெக் காரில் ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னார். வீடு வரும்வரை காது சுட்டது.

இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒரு பண்ணைக்குப் போனோம். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, நிலத்தை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறாள். பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: “எங்கள் தொட்டி ரொம்ப நல்ல தொட்டி. கட்டினதிலிருந்து ஒரு தடவைகூட அள்ளியதில்லை. நிரம்பவே நிரம்பாது.”

கிரெக் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். தொட்டியின் வெளிக்குழாயை, சோளக்காட்டுக்கு அடியில் ஓடும் மழைநீர் வடிகுழாயோடு அவள் கணவர் என்றோ சேர்த்துவிட்டிருந்தார். அது ஓடையில் போய் விழுந்தது. ஓடை பக்கத்துப் பண்ணையின் கிணற்றை உரசிக்கொண்டு போனது. அந்த மூதாட்டி ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவர் கெட்டிக்காரர்” என்றாள் கடைசியில். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

நிரம்பாத தொட்டி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. வேறெங்கோ போகிற தொட்டிதான் உண்டு. திரும்பும் வழியெல்லாம் அவள் சொன்ன அந்த வாக்கியம் என் காதில் வேறொரு குரலில் ஒலித்துக்கொண்டே வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் புதுக் கழிப்பறை கட்டியபோது தம்பி வீடியோவில் சுற்றிக் காட்டியபடி சொன்ன அதே வாக்கியம். அதே பெருமை.

3

திருப்பதிக்குத் தெற்கே, தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சீமையில், வெதுருகுப்பத்துப் பக்கம் எங்கள் நிலம். தம்பி தாமோதரன் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு பயிர் வைக்கிறான். அவனுடைய ஒரே மகள் பவித்ராவை நகரியில் ஒரு விசைத்தறி வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம். சீமந்தம் முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்து வருவார்கள். குழந்தை பிறந்து, அதற்குத் தலை நிற்கும்வரை அங்கேதான் இருப்பாள்.

அன்று காரிலிருந்து இறங்கிய கையோடு தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

“தாமு, நம்ம வூட்டுக் கக்கூஸ் தொட்டி எங்க கீது?”

“இன்னாக்கா, காலங்காத்தால. நான் இன்னும் டீகூட குடிக்கல.”

“சொல்லுடா.”

“மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால. ஏன், அங்கருந்தே பூ போட்டுக் கும்பிடப் போறியா?”

“எப்ப அள்ளின?”

“அள்றதா? ஊர்ல அவனவன் லாரிக்குப் போன் போட்டுக்கினு நிக்கறான். நான் ஒரு நாள் நின்னேனா? நம்முது நெரம்பாது.”

“ஏன் நெரம்பல?”

“நைனா போட்ட போரு ஒண்ணு எண்டிப்போய்க் கெடக்குதில்ல? அதுக்குள்ள பைப்பை வுட்டுட்டேன். அறுநூறு அடிக்கா. எங்கருந்து நெரம்பறது?”

சிரித்தான். நானும் ஏதோ ஒன்றைச் சிரித்து வைத்தேன்.

எங்கள் சீமையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நைனா என்றால் அப்பா, எண்டிப்போவது என்றால் வற்றிப்போவது. கோடைக்குக் கோடை தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வற்றினால் பக்கத்தில் இன்னொன்று. எந்த நிலத்தில் நின்று பார்த்தாலும் வாயில் கல்லை வைத்து மூடிய செத்த போர்கள் இரண்டு மூன்று இருக்கும். அத்தனை ஆழக் குழி சும்மா கிடக்கிறதே என்ற எண்ணம் தம்பிக்கு மட்டும் வந்ததில்லை. ஆனால் அடியில் இருப்பது அடைபட்ட பானை இல்லை, வெடிப்பு விட்ட பாறை. செத்த போரில் விட்டது வெடிப்பு வழியாக நடக்கும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் உயிருள்ள போர் அதே வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது.

“சீமந்தம் எப்ப?” என்றேன்.

அதற்குள் தம்பி மனைவி கஸ்தூரி போனை வாங்கிவிட்டாள். தெலுங்கு முறையில் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

“வதினா, நீங்க வரணும், சொல்லிட்டேன். ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு. பெத்தவளுக்கு வெந்நி, கொழந்தைக்கு சர்க்கரைத் தண்ணி, எல்லாம் நான் நல்லா சுண்டக் காய்ச்சித்தான் தருவேன். ஒரு சொட்டு பச்சைத் தண்ணி படாது.”

சுண்டக் காய்ச்சி. கிருமி என்றால் கொதியில் சாகும். மலத்திலிருந்தும் எருவிலிருந்தும் யூரியாவிலிருந்தும் இறங்குகிற நைட்ரேட் என்ற உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகும், அது தங்கிவிடும். சுண்டச் சுண்டக் கூடும். பெரியவர்கள் ஒருவாறு தாங்கிக்கொள்வார்கள். பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் ரத்தம் தாங்காது. மூச்சுக்காற்றைச் சுமக்கிற வேலையை அது மறந்துபோகும். உதடு நீலம் பாரிக்கும். இதை ஆங்கிலத்தில் எத்தனை வாசலில் நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். தமிழில், என் தம்பி மனைவியிடம், நிறைமாதப் பெண்ணை எதிர்பார்த்து வெள்ளை அடித்திருக்கும் வீட்டில், அந்தச் சொல்லை எப்படி விடுவது? சீமந்தத்துக்கு நாள் குறித்த வீட்டில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வாயால் சொல்லக் கூடாது. பத்தொன்பது வருஷமாகக் கனடாவில் இருக்கிறேன், என் நாக்கு இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

“வர்றேன் கஸ்தூரி” என்றேன். “முன்னாடியே வர்றேன்.”

சாப்பாட்டு மேஜையில் என் மகனிடம் சொன்னேன். அவனுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேச வராது.

“பாட்டில் தண்ணீர் வாங்கச் சொல்லேன்” என்றான் ஆங்கிலத்தில். பிறகு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, உண்மையாகவே தெரியாமல் கேட்டான்: “பவித்ரா என்றால் யார்?”

அவன் இரண்டு வயதில் அவள் இடுப்பில்தான் கிடந்தான். அதைச் சொல்லவில்லை. அவன் சொன்ன யோசனையில் தப்பில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

4

ஊர் போய்ச் சேர்ந்ததும் தம்பி என்னை மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் அழைத்துப் போனது, புது டிராக்டரைக் காட்டுகிறவன் மாதிரி இருந்தது. தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினான். உள்ளே தேங்கிய தண்ணீர் கொஞ்சம்தான். பக்கத்தில் செத்த போரின் வாயில் குழாய் இறங்கியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். எங்கோ ரொம்பக் கீழே, யாரோ பதில் சொல்வது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது.

“பார்த்தியா?” என்றான்.

நான் நடந்து பார்த்தேன். இங்கிருந்து எருக்குழி. அங்கிருந்து குடிதண்ணீர் எடுக்கிற போர். நிலம் லேசாக அந்தப் பக்கம்தான் சாய்கிறது. காலடியில் மண் சிவப்பாக, காய்ந்து, யோக்கியமாகத் தெரிந்தது. மண்ணுக்கு முகம் கிடையாது. எதை விழுங்கினாலும் ஒரே மாதிரிதான் பார்க்கும்.

வரப்புக்கு அந்தப் பக்கத்து நிலக்காரர் சுப்பராமுலு, தோளில் ஒரு கைக்குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மகள் லாவண்யா பிரசவத்துக்கு வந்து இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. இது அந்தக் குழந்தை.

“ஏமம்மா, கனடாவுலருந்து இதைப் பார்க்கத்தான் வந்தியா? திருப்பதி மலை அந்தப் பக்கம்.”

“இதுவும் தரிசனம்தான் மாமா” என்றான் தம்பி. “அக்காவுக்கு அங்க சம்பளமே இதுக்குத்தான்.”

“நம்ம தேசம்லோ இதுக்கு சம்பளம் இல்ல, வாசனைதான்” என்று சுப்பராமுலு சிரித்தார். குழந்தையும் சிரிப்பது போல வாயைக் கோணிற்று. நான் அதன் உதட்டைப் பார்த்தேன். ரோஜா நிறம்தான். ஆனாலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து குழந்தைகளின் முகத்தில் வேறெதையும் முதலில் பார்க்க முடியவில்லை.

“தண்ணிய டெஸ்ட் பண்ணணும் தாமு.”

“நாப்பது வருசமா குடிக்கறோம்.”

“நாப்பது வருசமா குடிச்சது தண்ணி. எட்டு வருசமா குடிக்கறது வேற.”

அவன் முகம் சுருங்கியது. கடப்பாரையை எடுத்து மூடியைத் தள்ளினான். “உனுக்கு இப்ப எங்க வூடு நாறுது. அவ்ளோதானேக்கா” என்றான், என்னைப் பார்க்காமல்.

5

தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் ஏறும் முன் திருப்பதிக்குப் பஸ் பிடித்தேன். சோதனைச்சாலை திருச்சானூர் போகிற வழியில். ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தேன். எதிரில் பூக்கூடையோடு ஒரு பெண்மணி பெட்டியையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

“அதுல இன்னாமா, மீனா? தாயாரு கோயிலுக்குப் போற வண்டி இது.”

“மீன் இல்லீங்க. தண்ணி.”

“தண்ணியவா ஐஸ்ல வச்சு எத்துக்கினு போற?” அவள் டிரைவரிடம் திரும்பினாள். “காலம் கெட்டுப் போச்சுப்பா. தண்ணிக்கே ஏசி.”

ஆட்டோவே சிரித்தது. நானும்தான்.

கவுன்டரில் இருந்தவர் தெலுங்கில் கேட்டார்: “தாகடானிக்கா, வியவசாயானிக்கா?” குடிக்கவா, விவசாயத்துக்கா. ரெண்டுக்கும் என்றேன். ரெண்டும் என்று போட இடமில்லை என்றார். நிலம் யார் பெயரில்? அப்பா பெயரில், இன்னும் மாற்றவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வரலாமே. அவர் இல்லை. அப்படியானால் நீங்கள் யார்? மகள். உள்ளூரா? இல்லை. அடையாள அட்டை? கனடா பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரிதாபத்தோடு சொன்னார்: “அம்மா, இந்தத் தண்ணி குடிக்கறவங்க யாராவது இருந்தா வரச்சொல்லுங்க.”

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். வரமாட்டான் என்று நினைத்தேன். பைக்கில் வந்தான். வியர்த்து விறுவிறுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

“கொழந்தைக்கா?” என்றான் வெளியே வந்த பிறகு.

“ஆமா.”

“அதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிடா சொல்றது?”

அவன் பைக்கை உதைத்தான். ஏறு என்று தலையால் காட்டினான். போகிற வழியெல்லாம் அவன் முதுகு விறைத்தே இருந்தது.

6

முடிவு போனில் வந்தது. சோதனைச்சாலைப் பெண் தமிழும் தெலுங்குமாகச் சொன்னாள். கிருமி இருக்கிறது. நைட்ரேட் அளவைத் தாண்டி நிற்கிறது. குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் கூடவே கூடாது. போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அடுப்படி வாசலில் கஸ்தூரி ஈரக்கையோடு நின்றாள்.

“காய்ச்சினாலும் போவாதா வதினா?”

“போவாது கஸ்தூரி.”

“சுண்டக் காய்ச்சினா?”

“இன்னும் கூடும்.”

அவள் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை மனசுக்குள் அந்தத் தண்ணீரை அவள் காய்ச்சியிருப்பாள்.

தம்பி எழுந்து கொட்டாய்க்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் ரம்பம் போடுகிற சத்தம் கேட்டது. குழாயை அறுத்துவிட்டு, செத்த போரின் வாயில் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தான். இனி லாரி கூப்பிட வேண்டியதுதான் என்றான். தண்ணீர் எப்போது தெளியும் என்று கேட்டான். தெரியாது என்றேன். பாறைக்குள் போனது எப்போது வெளியே வரும் என்று எந்த ஊர்ப் பொறியாளருக்கும் சொல்லத் தெரியாது. அதுவரைக்கும் ஊருக்குள்ளிருந்து சுத்திகரித்த கேன் தண்ணீர் வரும். என் மகன் சொன்னதுதான்.

நகரியிலிருந்து பவித்ராவே கூப்பிட்டாள். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. “அத்த, அப்ப நான் வரலாமா வேணாமா?”

நான் வாயைத் திறக்கும் முன் கஸ்தூரி போனை வாங்கினாள். “வாடி. உன் நைனா பைப்பை அறுத்துப் போட்டுட்டாரு. குடிக்கறது, வாய் கொப்பளிக்கறது, எல்லாமே கேன் தண்ணிதான். நீ வா.”

முடிந்தது என்று நினைத்தேன். கஸ்தூரிதான் முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “லாவண்யாவுக்குப் பால் பத்தல. கொழந்தைக்கு பவுடர் பால்தான் கலக்கறா. அவங்களும் காய்ச்சித்தான் தர்றாங்க.”

சுப்பராமுலுவின் போர் எங்கள் வரப்பை ஒட்டிக் கீழே இருந்தது.

தம்பி சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தான். “நான் போய் இன்னான்னு சொல்றது? என் பீ உன் பேத்தி பால்ல கலந்துகினு கீதுன்னா? வரப்புத் தகராறுல அந்த மனுசன் அஞ்சு வருசம் என்கிட்ட மூஞ்சி குடுக்கல. போன பொங்கலுக்குத்தான் பேச ஆரம்பிச்சாரு.”

“நான் சொல்லட்டுமா?” என்றேன்.

“நீ பிளேன் ஏறிப் போயிடுவ. நான்தான் இங்க கெடக்கணும்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். கஸ்தூரி அன்று வந்த கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் வரப்பு தாண்டினோம்.

சுப்பராமுலு வாசலில் தக்காளிக் கூடை கட்டிக்கொண்டிருந்தார். “ஏம்டா, குடும்பத்தோட வந்துட்டீங்க? சீமந்தத்துக்குக் கூப்பிடவா?”

“அதுக்கும்தான் மாமா.” தம்பி துண்டின் நுனியைத் திருகினான். “பாப்பாவுக்கு போர் தண்ணியில பால் கலக்க வேணாம்.”

“காய்ச்சித்தானே தர்றோம்?”

“காய்ச்சினா கூடுதாம். டெஸ்ட் பண்ணினோம். எங்க தண்ணிலதான் பண்ணினோம். ஆனா உங்களுது எங்களுக்குக் கீழ கீது.” கொட்டாய்ப் பக்கம் கையைக் காட்டினான். “தொட்டிய எண்டிப்போன போருல வுட்டிருந்தேன் மாமா. இன்னிக்கு அறுத்துட்டேன். எட்டு வருசமா வுட்டுக்கினு இருந்தேன்.”

கூடை கட்டிய கை நின்றது. அடிப்பாரோ, கத்துவாரோ என்று நான் காத்திருந்தேன். அவர் தம்பியைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கொல்லைப் பக்கம், மாமரத்தடியில் செத்த போரை மூடிக் கிடந்த ஒரு கல்லைப் பார்த்தார்.

“என்னுது எங்க போவுதுன்னு நெனச்ச?” என்றார்.

அவர் தலை நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். கீழே இன்னும் நாலைந்து வீடுகள், புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்ற கழிப்பறைகள், ஓட்டுக்கு மேல் புகை. தம்பியும் அதையேதான் பார்த்தான்.

உள்ளிருந்து லாவண்யா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. ஒரு தோளில் குழந்தை, கையில் அப்போதுதான் கலக்கிய பால் புட்டி. கஸ்தூரி கேனை வாசற்படியில் வைத்தாள். லாவண்யா புட்டியின் மூடியைத் திருகி, குனிந்து, பாலை மண்ணில் ஊற்றினாள். வெள்ளையாகச் சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. அது உள்ளே போகிற வரைக்கும் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.